ஒரு பகுதியின் பசியை அப்பகுதி மக்களே எப்படிக் குறைக்கலாம்?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: உங்கள் பகுதியில் பல குடும்பங்கள் மாதக் கடைசி வந்தால் சாப்பாட்டுக்குத் திண்டாடுகின்றன, நண்பர்கள் சிலர் சேர்ந்து ஏதாவது செய்ய விரும்புகிறீர்கள், உணவுப் பொட்டலம் வழங்குவதா, பொதுச் சமையற்கூடம் நடத்துவதா, காய்கறித் தோட்டம் போடுவதா என்று முடிவு செய்ய முடியவில்லை. பசியோடு பின்னிக் கிடக்கும் கடன், தனிமை, குடும்ப வன்முறை போன்றவற்றையும் சேர்த்துக் கவனிக்க இயலுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இது அரசு செய்ய வேண்டிய வேலை, நாம் ஏன் தலையிட வேண்டும் என்று உங்கள் குழுவில் ஒருவர் எழுப்பிய ஐயத்தையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைவிட, அதில் யார் முடிவெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அது நிலைக்கும் அல்லது கலையும். கொடுப்பவர் ஒருபுறமும் வாங்குபவர் மறுபுறமுமாகப் பிரிந்து நிற்கும் முயற்சிகள் நல்ல மனத்தோடு தொடங்கினாலும், கொடுப்பவரின் உற்சாகம் வடிந்ததும் நின்றுபோகின்றன. பசியை அறிந்தவர்களே சமைக்கவும், கணக்கு வைக்கவும், யாருக்கு முன்னுரிமை என்று தீர்மானிக்கவும் உரிமை பெற்ற முயற்சிகளோ பணவீக்கத்தையும் கொலை மிரட்டலையும்கூடத் தாங்கி நின்றிருக்கின்றன. பல நாடுகளின் அனுபவத்தை வைத்தே இதைச் சொல்கிறேன். அவற்றில் சிலவற்றைக் கீழே விளக்குகிறேன்.

பசிக்குக் காரணம் உணவுப் பற்றாக்குறைதான் என்று நாம் இயல்பாக நினைத்துக்கொள்கிறோம். 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த பொருளியலாளர் அமர்த்தியா சென், அந்த ஆண்டில் வங்கத்தில் இருந்த உணவு தானியம் 1941இல் இருந்ததைவிடக் குறைவாக இல்லை என்றும், 1941இல் பஞ்சம் எதுவும் வரவில்லை என்றும் 1981இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். போர்க்காலத்தில் அரிசி விலை ஏறிய வேகத்துக்கு நிலமற்ற தொழிலாளரின் கூலி ஏறவில்லை. மீனவரும் கைவினைஞரும் விற்ற பொருளைக் கொண்டு முன்போல அரிசி வாங்க முடியவில்லை. சந்தையில் அரிசி இருந்தும் அவர்கள் இறந்தார்கள். சென்னின் புள்ளிவிவரங்களை மறுத்தவர்கள் உண்டு என்றாலும், உணவைப் பெறும் வழி அடைபடுவதே பசி என்ற அவருடைய பார்வை இத்துறையில் வேரூன்றிவிட்டது. இன்றைய நிலையும் அதற்கு ஒத்தே இருக்கிறது. ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீட்டின்படி 2024இல் உலகில் சுமார் 67 கோடிப் பேர் பசியில் வாடினார்கள்; மிதமான அல்லது கடுமையான உணவுப் பாதுகாப்பின்மையில் இருந்தவர்களைச் சேர்த்தால் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 230 கோடி. 2022இல் வீடுகளிலும் உணவகங்களிலும் கடைகளிலும் சேர்ந்து 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. ஆகவே, எவ்வளவு உணவு திரட்டலாம் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், உங்கள் பகுதியில் யாருக்கு, எந்த நாட்களில், எதனால் வழி அடைபடுகிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

இதை அறிய ஒரு நல்ல கருவி ஏற்கெனவே இருக்கிறது. ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம் உருவாக்கி, பல நாடுகளில் பயன்படுத்திவரும் எட்டுக் கேள்விகள் அவை. கடந்த ஓராண்டில் பணமோ பிற வசதியோ இல்லாத காரணத்தால், போதிய உணவு இருக்காதோ என்று கவலைப்பட்டது உண்டா, சத்தான உணவு சாப்பிட முடியாமல் போனதா, ஒரே சில வகைகளையே சாப்பிட வேண்டியிருந்ததா, ஒரு வேளை சாப்பாட்டைத் தவிர்த்தது உண்டா, வேண்டியதைவிடக் குறைவாகச் சாப்பிட்டது உண்டா, வீட்டில் உணவே தீர்ந்துபோனதா, பசித்தும் சாப்பிடாமல் இருந்தது உண்டா, நாள் முழுவதும் சாப்பிடாமல் கழித்தது உண்டா என்பவையே அந்த எட்டு. கவலையில் தொடங்கி முழுப் பட்டினியில் முடியும் இந்த வரிசை, பசி ஒரு வீட்டுக்குள் எப்படிப் படிப்படியாக நுழைகிறது என்பதைக் காட்டுகிறது. முதல் மூன்று கேள்விகளுக்கு மட்டும் 'ஆம்' என்று சொல்லும் வீடு வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு எந்தக் குறையும் இல்லாததுபோலவே தோன்றும். அந்தக் கட்டத்திலேயே கை கொடுத்தால் கடைசி மூன்றுக்குப் போகாமல் தடுக்கலாம்.

இக்கேள்விகளோடு நான் எப்போதும் இன்னொன்றைச் சேர்த்துக் கேட்கச் சொல்வேன்: வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? ஒரு குடும்பத்துக்குப் போதுமான உணவு கிடைக்கிறது என்று ஆண் உறுப்பினர் சொல்லும் வீட்டிலேயே, எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பெண் இரத்தசோகையோடு இருக்கலாம். எனவே கேள்வி கேட்கப் போவது அந்தத் தெருவிலேயே வாழும் பெண்ணாக இருப்பது நல்லது. அவரும் கேட்பதைத் தனியாக, அக்கம்பக்கத்தார் காதில் விழாமல் கேட்க வேண்டும். மாதத்தில் எந்த வாரம், ஆண்டில் எந்தப் பருவம், பள்ளி விடுமுறை நாட்களா, வேலை கிடைக்காத மாதங்களா என்று காலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பசிக்கு ஒரு நாட்காட்டி உண்டு. அது தெரியாமல் செய்யும் உதவி தேவையில்லாத நாளில் குவிந்து, தேவைப்படும் நாளில் இல்லாமல் போகும்.

இனி, மக்களே நடத்திய முயற்சிகளில் என்னை மிகவும் பாதித்த பெரு நாட்டு அனுபவத்துக்கு வருகிறேன். 1970களின் பிற்பகுதியில் தலைநகர் லிமாவின் விளிம்பில், குடிநீர்க் குழாய்கூட இல்லாத குடியேற்றங்களில், பெண்கள் தனித்தனி அடுப்பு எரிப்பதை விட்டுவிட்டு ஒன்றாகச் சமைக்கத் தொடங்கினார்கள். மொத்த விலையில் பொருள் வாங்கினால் செலவு குறைகிறது, எரிபொருள் மிச்சமாகிறது, முறைவைத்துச் சமைப்பதால், முறை இல்லாத நாட்களில் வேலைக்குப் போக முடிகிறது. ஒவ்வொரு குடும்பமும் நண்பகலில் தன் பாத்திரத்தோடு வந்து, வீட்டிலுள்ள தலைகளுக்கேற்பச் சாப்பாடு வாங்கிக்கொண்டு, அளவுக்கேற்ற சிறு தொகையைச் செலுத்தும். அன்று சமைத்தவர்களுக்குக் கூலிக்குப் பதில் அவர்கள் குடும்பத்துக்கான சாப்பாடு. நோயாளிகள், கைவிடப்பட்டவர்கள், எதுவுமே தர முடியாதவர்கள் சிலருக்கு இலவசம். அவர்கள் யார் என்பதை உறுப்பினர்கள் கூடி முடிவு செய்தார்கள். பெருந்தொகை முதலீடு எதுவும் இதில் இல்லை. பெரிய அண்டா, ஒருவர் வீட்டு முற்றம், ஒரு கணக்கு நோட்டு ஆகியவை போதுமாக இருந்தன.

1980களில் பெருவின் பொருளாதாரம் சரிந்து, பணவீக்கம் எல்லை மீறியபோது இச்சமையற்கூடங்கள் பெருகின. 1990 ஆகஸ்டில் அரசு மானியங்களை ஒரே நாளில் விலக்கிக்கொண்டு, அத்தியாவசியப் பொருள்களின் விலை பன்மடங்கு உயர்ந்தபோது நகரம் தாக்குப்பிடிக்க இந்த அண்டாக்கள் பெரிதும் உதவின. இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. 1984இல் லிமா மாநகராட்சி குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தினமும் ஒரு குவளைப் பால் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, விநியோகம் தெருவாரியான பெண்கள் குழுக்களின் கையில் இருந்தது. அந்தப் பெண்கள் திரண்டு தெருவில் இறங்கிக் கோரியதன் விளைவாக, 1985 தொடக்கத்தில் இது நாடு முழுவதற்குமான சட்டமாயிற்று. நகராட்சி கொடுத்ததை வாங்கிக்கொண்டு அமைதியாக இருந்திருந்தால் அடுத்த தேர்தலோடு பால் நின்றிருக்கும்.

இக்குழுக்கள் வளர்த்த தலைவர்களில் ஒருவர் லிமாவின் வில்லா எல் சால்வடோர் பகுதியைச் சேர்ந்த மரியா எலெனா மொயானோ. அப்பகுதிப் பெண்கள் கூட்டமைப்பின் தலைவராக இருந்த அவர், சமையற்கூடங்களைக் கைப்பற்றித் தங்கள் கட்டுப்பாட்டில் கொண்டுவர முயன்ற 'ஒளிரும் பாதை' ஆயுதக் குழுவை வெளிப்படையாக எதிர்த்தார். 1992 பிப்ரவரி 15 அன்று அக்குழுவினர் அவரைச் சுட்டுக் கொன்று, உடலை வெடிவைத்துச் சிதைத்தனர். அப்போது அவருக்கு வயது 33. பொதுச் சமையல் என்பது வெறும் தொண்டு என்றால் ஒரு ஆயுதக் குழு அதைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்? தெருத்தெருவாகப் பெண்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் பழக்கமே அவர்களுக்கு இடைஞ்சலாக இருந்தது. அப்பழக்கம் அழியவில்லை. 2020இல் பெருந்தொற்று முடக்கத்தில் அன்றாடக் கூலி நின்றபோது, அதே நகரத்தின் மேட்டுக் குடியிருப்புகளில் பொது அண்டாக்கள் மறுபடியும் அடுப்பேறின.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1990களில் அரசும் கட்சிகளும் உணவுப் பொருள்களை அனுப்பும் சாக்கில் இக்கூடங்களைத் தேர்தல் ஆதரவுக்குப் பயன்படுத்திக்கொண்டன. அவர்கள் அனுப்பும் மூட்டையை நம்பிப் பழகிய குழுக்கள் எதிர்த்துப் பேசும் வலிமையை இழந்தன. வெளியிலிருந்து வரும் உதவியை வாங்கலாம். ஆனால் அது ஒரு மாதம் வராமல் போனாலும் அடுப்பு எரியும் அளவுக்கு உறுப்பினர்களின் சொந்தப் பங்களிப்பு இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

பசியைவிட அவமானத்தைப் பெரிதாக நினைக்கும் மனிதர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். வரிசையில் நிற்கவைத்து, அட்டையைக் காட்டச்சொல்லி, புகைப்படம் எடுத்துக்கொண்டு கொடுக்கும் உணவை மிகவும் தேவைப்படுகிற குடும்பம் வாங்க வராது. தயவுசெய்து உங்கள் குழு முதல் நாளிலேயே புகைப்படத்துக்குத் தடை விதிக்கட்டும். இதற்கு ஜப்பானின் 'குழந்தைகள் உணவகம்' ஓர் அழகான விடை. 2012இல் தோக்கியோவின் ஓட்டா பகுதியில் காய்கறிக் கடை நடத்திவந்த ஒரு பெண், தாய் உடல்நலமின்றி இருப்பதால் பள்ளிச் சாப்பாட்டைத் தவிர வாழைப்பழத்தை மட்டுமே சாப்பிட்டு வாழும் ஒரு குழந்தையைப் பற்றிக் கேள்விப்பட்டு, தன் கடையிலேயே குழந்தைகளுக்குச் சாப்பாடு போடத் தொடங்கினார். அங்கே வரும் குழந்தை ஏழையா என்று யாரும் கேட்பதில்லை. எல்லாக் குழந்தைகளும் வரலாம். பெற்றோரும் அக்கம்பக்கத்து முதியவர்களும் வந்து உட்காரலாம். எல்லாரும் வருவதால், வந்தாக வேண்டிய குழந்தை அடையாளம் காட்டப்படாமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறது. பசியை முன்னிட்டுத் தொடங்கியது தனிமைக்கும் மருந்தாயிற்று. அரசு ஆணை எதுவும் இல்லாமலேயே பரவிய இம்முறையில், 2024 வாக்கில் நாடு முழுவதும் 10,000க்கும் மேற்பட்ட இடங்கள் இயங்கின.

வாங்குபவருக்குத் தேர்வு செய்யும் உரிமை கொடுப்பதும் மரியாதையின் ஒரு பகுதியே. எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பை கட்டிக் கொடுப்பதைவிட, அலமாரியில் அடுக்கிவைத்து வேண்டியதை எடுத்துக்கொள்ளச் செய்தால் வீணாவது குறைகிறது. சர்க்கரை நோயாளி தனக்கு ஆகாததை வாங்கிக் குப்பையில் போடும் நிலை வராது. நன்கொடை உணவைத் திரட்டித் தேவைப்படுவோருக்குச் சேர்க்கும் அமைப்புகளான உணவு வங்கிகளின் அமெரிக்கக் கூட்டமைப்பு 2005 வரை, வரும் நன்கொடையை வரிசைப்படி வட்டார வங்கிகளுக்கு ஒதுக்கிவந்தது. உருளைக்கிழங்கு விளைச்சலுக்குப் பெயர்பெற்ற ஐடஹோ மாநிலத்துக்கே உருளைக்கிழங்கு போய்ச்சேரக்கூடிய ஏற்பாடு அது. பின்னர் பொருளியலாளர்களின் உதவியோடு, ஒவ்வொரு வங்கிக்கும் அதன் தேவைக்கேற்ப ஒருவகைப் புள்ளிகளைக் கொடுத்து, வேண்டிய சரக்கை அவர்களே கேட்டு எடுக்கும்படி மாற்றினார்கள். எங்கே எது தேவை என்ற அறிவு தலைமையகத்தில் இல்லை, அந்தந்த ஊரில்தான் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டதன் பலன் அது. உங்கள் தெருவளவிலும் இதே நியாயம் பொருந்தும்.

மிஞ்சிய உணவைத் திரட்டிக் கொடுப்பது பற்றி உங்கள் குழுவில் பலருக்கு ஆர்வம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். நல்லதே, ஆனால் அதையே அடித்தளமாக வைக்காதீர்கள். விழாவில் மிஞ்சுவது என்றைக்கு வரும், எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பசித்தவருக்கோ நாளைக்கும் கிடைக்கும் என்ற உறுதிதான் பெரிய நிம்மதி. சுகாதாரத்தில் சிறிதும் சமரசம் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் விதி எளிமையானது: சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, சூடாக வைப்பதென்றால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிரவைப்பதென்றால் 5 டிகிரிக்குக் கீழ். சமைத்த நேரத்தைப் பாத்திரத்தின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். நேரம் தெரியாத உணவை எவ்வளவு மணமாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். அப்படிச் செய்யாமல் ஒருமுறை வாந்தி பேதி வந்துவிட்டால் குழந்தைகளின் உயிருக்கே ஆபத்து. ஊரின் நம்பிக்கையும் போய்விடும். கெடாத பொருள்களைப் பொறுத்தவரை கடைகளோடு நிலையான ஏற்பாடு செய்துகொள்ளலாம். பிரான்சில் 2016ஆம் ஆண்டுச் சட்டம், 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் உண்ணத்தக்க உணவை அழிப்பதைத் தடைசெய்து, தொண்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வைத்தது. அத்தகைய சட்டம் இல்லாத இடத்திலும் எழுத்துவடிவிலான ஓர் உடன்பாடு வாய்ச்சொல்லைவிடப் பலமானது.

தோட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காய்கறியும் கீரையும் தரும். பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் கூடுமிடமாகும். ஆனால் ஒரு குடும்பத்தின் முழுத் தேவைக்கான தானியத்தைச் சிறு நிலத்தில் எடுக்க முடியாது. இங்கிலாந்தின் டாட்மர்டன் என்ற சிற்றூரில் 2008இல் சிலர் காவல் நிலைய வாசலிலும் மருத்துவ மையத்தின் முன்னும் யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளும்படி உணவுச் செடிகளை நட்டார்கள். அதனால் ஊர் பசியாறிவிட்டது என்று சொல்ல முடியாது. அறிமுகமில்லாதவர்கள் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கினார்கள் என்று சொல்லலாம். அதுவும் வேண்டியதே.

விலை ஏற்ற இறக்கத்தால் வரும் பசிக்குத் தானிய வங்கி ஒரு பழைய விடை. மேற்கு ஆப்பிரிக்காவின் சஹேல் பகுதியில் 1970களின் வறட்சிக்குப் பிறகு ஏராளமான கிராமத் தானிய வங்கிகள் தோன்றின. அறுவடையின்போது கடனுக்காகக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, விதைப்புக் காலத்தில் அதே தானியத்தை அதிக விலை கொடுத்து வாங்கும் உழவரின் அவலத்தை நீக்குவதே நோக்கம். பல வங்கிகள் சில ஆண்டுகளிலேயே வெறுமையாயின. கடனாக எடுத்த தானியம் திரும்பி வரவில்லை. வெளியார் கொடுத்த முதல் சரக்கைத் தங்களுடையதாக ஊரார் உணரவில்லை. இத்தோல்வியைக் கண்ட பிறகு நைஜர் நாட்டில் பரவிய இன்னொரு முறை எனக்கு மிகவும் பிடிக்கும். உழவர்கள் தங்கள் விளைச்சலில் ஒரு பகுதியை ஊர்க் கிடங்கில் வைக்கிறார்கள். கிடங்குக் கதவில் இரண்டு பூட்டுகள்; ஒரு சாவி உழவர் குழுவிடம், மற்றொன்று கடன் தரும் நிறுவனத்திடம். உள்ளே இருக்கும் தானியத்தை ஈடாகக் கொண்டு கடன் பெற்று, கோடையில் ஆடு வளர்த்தோ காய்கறி பயிரிட்டோ சம்பாதித்து, விலை ஏறிய மாதத்தில் கடனை அடைத்துத் தானியத்தை மீட்கிறார்கள். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். நம்பிக்கையைப் பற்றி நீண்ட உரை நிகழ்த்துவதைவிட இரண்டாவது பூட்டு வாங்குவது பயனுள்ளது.

யார் ஏழை என்பதை யார் தீர்மானிப்பது என்ற சிக்கலுக்குத் தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனத்தின் பெண்கள் சங்கங்கள் 1990களில் ஒரு வழி காட்டின. தரிசாகக் கிடந்த சிறு நிலங்களில் சிறுதானியம் விளைவிக்க உழவர்களுக்கு முன்பணம் கொடுத்து, அதைத் தானியமாகவே திரும்பப் பெற்று, ஊரிலேயே சேமித்து, பஞ்ச மாதங்களில் ஏழைக் குடும்பங்களுக்கு மலிவாகக் கொடுத்தார்கள். அக்குடும்பங்கள் எவை என்பதைத் தாள்களைப் பார்த்து அதிகாரிகள் முடிவு செய்யவில்லை. ஊரார் பொது இடத்தில் கூடி, நிலம், கால்நடை, உழைக்கக்கூடிய ஆட்கள், நோய் என்று தங்களுக்குத் தெரிந்த அளவுகோல்களை வைத்துத் தாங்களே தரவரிசை செய்தார்கள். அனைவர் முன்னிலையிலும் நடப்பதால் வசதியானவர் பெயரைச் செருகுவது கடினம். ஆனால் நகர்ப்புறத்தில், அண்டை வீட்டாரே அறிமுகமில்லாத இடத்தில், இது அவமானமாகவும் மாறலாம் என்பதால் அங்கே ஜப்பானிய முறையே மேல் என்று கருதுகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உணவுக்காகக் கூடும் இடத்தில் மற்றத் துன்பங்கள் தாமாகவே பேச்சுக்கு வரும். நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. சேர்ந்து காய் நறுக்கும்போது ஒரு பெண் தன் கடனைப் பற்றிச் சொல்வாள், இன்னொருத்தி கையிலுள்ள காயத்தைப் பற்றிச் சொல்லாமல் மறைப்பாள். இதைக் கேட்கவும் கவனிக்கவும் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால் போதும். கடனுக்கு, 1991இல் நைஜரில் கேர் என்ற பன்னாட்டுத் தொண்டு நிறுவனத்தின் துணையோடு தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய சேமிப்புக் குழு முறை பொருந்தும். 20, 25 பேர் வாரந்தோறும் சிறு தொகை சேர்த்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொண்டு, ஆண்டு இறுதியில் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். பணப்பெட்டிக்கு மூன்று பூட்டுகள், சாவிகள் மூன்று வெவ்வேறு உறுப்பினரிடம். எல்லார் கண் முன்னாலும்தான் பெட்டி திறக்கப்படும்.

மனநலத்துக்கு ஜிம்பாப்வேயின் 'நட்பு இருக்கை' சிறந்த முன்மாதிரி. நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்த நிலையில், மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் ஹராரே நகரில் 14 பாட்டிமார்களோடு இதைத் தொடங்கினார். மருத்துவ மனை வளாகத்தில் மரத்தடியில் ஒரு மர இருக்கை. பயிற்சி பெற்ற பாட்டி அதில் அமர்ந்து, வருபவர் சொல்வதைக் கேட்டு, பல பிரச்சினைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவைத்து, அதற்கு அடுத்த வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒரு செயலை அவர் வாயாலேயே சொல்லவைக்கிறார். 573 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இருக்கைக்கு வந்தவர்களின் மனச்சோர்வு அறிகுறிகள் ஆறு மாதங்களில் தெளிவாகக் குறைந்திருந்தன. பாட்டிமார்களுக்குப் பட்டம் இல்லை. ஊரை அறிந்த அறிவும் பொறுமையும் இருந்தன, முறையான பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தன. கடைசி இரண்டையும் விட்டுவிட்டு முதலிரண்டை மட்டும் வைத்துத் தொடங்கிவிடாதீர்கள். குடும்ப வன்முறை, தற்கொலை எண்ணம், குழந்தைகள் மீதான கொடுமை ஆகியவற்றை உங்கள் குழு தானே தீர்க்க முயலக் கூடாது; யாரிடம் அனுப்ப வேண்டும் என்ற பட்டியலை முன்கூட்டியே வைத்திருங்கள். சமையற்கூடத்தில் கேட்டது வெளியே போகக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருங்கள். ஒரே ஒரு முறை ஒரு குடும்பத்தின் கதை தெருவுக்கு வந்துவிட்டால், பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அரசின் வேலை அல்லவா என்ற மூன்றாவது ஐயம் முற்றிலும் சரியானது. வேலைவாய்ப்பு, கூலி, ஓய்வூதியம், பள்ளி உணவு ஆகியவற்றை ஒரு தெருக் குழுவால் கொடுக்க முடியாது. 1967இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கெல் முதல் உணவு வங்கியைத் தொடங்கினார். தற்காலிக ஏற்பாடாக நாடெங்கும் பரவிய உணவு வங்கிகள் இன்று அங்கே நிரந்தரமாகிவிட்டன. தொண்டு இருக்கிறதே என்று அரசு கைகழுவ அது வழிவிட்டது என்று குறை சொல்பவர்கள் உண்டு; அக்குறையில் உண்மை இருக்கிறது. ஆனால் நாம் ஒதுங்கிவிட்டால் அரசு தானாக வந்துவிடும் என்பதற்கும் சான்று இல்லை. பெருவின் பால் திட்டத்தில் கண்டதுபோல, ஒரு தேவையைச் செய்து காட்டி, கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, இனி நீங்கள் செய்யுங்கள் என்று கேட்பவர்களின் குரலுக்கே வலிமை அதிகம்.

மக்கள் முயற்சியும் அரசின் பொறுப்பும் இணைந்ததற்கு பிரேசிலின் பெலோ ஹொரிசாண்டே நகரம் சாட்சி. 1993இல் மேயர் பத்ருஸ் அனானியாஸ் காலத்தில் அந்நகராட்சி உணவை உரிமையாக ஏற்று, அதற்கெனத் தனித்துறை அமைத்தது. பணக்காரரும் ஏழையும் ஒரே வரிசையில் நின்று சாப்பிடும் மக்கள் உணவகங்கள், சிறு உழவர்கள் இடைத்தரகரின்றி விற்கும் இடங்கள், அடிப்படைப் பொருள்களைக் கட்டுப்படுத்தப்பட்ட விலையில் விற்பதாக ஒப்புக்கொள்பவர்களுக்கு நல்ல இடத்தில் கடை என்று ஒன்றையொன்று தாங்கும்படி திட்டமிட்டார்கள். 2009இல் பிரேசில் இயற்றிய சட்டம், பள்ளி உணவுக்கான மத்திய நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப உழவர்களிடம் வாங்கச் செலவிட வேண்டும் என்றது. 2014இல் அந்நாடு, பசி பரவலாக உள்ள நாடுகளைக் காட்டும் ஐ.நா.வின் பசி வரைபடத்திலிருந்து நீங்கியது. 2019 ஜனவரியில் புதிய அரசு, மக்கள் பிரதிநிதிகள் இடம்பெற்றிருந்த தேசிய உணவுப் பாதுகாப்பு மன்றத்தைக் கலைத்தது. பொருளாதாரத் தேக்கமும் பெருந்தொற்றும் சேர்ந்துகொள்ள, நாடு மறுபடியும் அந்த வரைபடத்துக்குள் விழுந்தது. 2023இல் மன்றம் மீண்டும் அமைக்கப்பட்டது. 2025இல் நாடு மறுபடியும் வெளியேறியதாக அறிவிக்கப்பட்டது. மன்றம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. மக்கள் உட்காரும் நாற்காலியை எடுத்துவிடுவது எவ்வளவு எளிது என்பதை அது காட்டுகிறது; எனவே கிடைத்த நாற்காலியை விடாமல் இருக்க அமைப்பாகத் திரண்டிருக்க வேண்டும்.

நடைமுறையில் உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இது. முதல் மாதம் எதையும் விநியோகிக்காதீர்கள். எட்டுக் கேள்விகளோடு வீடு வீடாகப் போய்ப் பேசுங்கள். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாதவர்கள் நீங்கள் பேசிய வீடுகளைச் சேர்ந்தவர்களாகவும், பெண்கள் பெரும்பான்மையாகவும் இருக்கும் ஒரு குழு அமைத்து, வாரத்தில் எத்தனை நாள், என்ன, எங்கே என்பதை அவர்களையே முடிவு செய்யவிடுங்கள். தொடர்ந்து செய்ய முடியும் என்று உறுதியாகத் தெரிந்த அளவோடு தொடங்குங்கள். வாரம் ஏழு நாள் என்று அறிவித்து மூன்றாம் மாதம் நிறுத்துவதைவிட, வாரம் இரண்டு நாள் ஓராண்டு தவறாமல் நடத்துவது மேலானது. வரவு செலவை மாதந்தோறும் எல்லாரும் படிக்கும்படி சுவரில் எழுதி ஒட்டுங்கள். பொறுப்புகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒருவரே எல்லாவற்றையும் சுமந்தால் அவர் சோர்ந்து விழும் நாளில் கூடமும் மூடப்படும். ஆறு மாதம் கழித்து அதே எட்டுக் கேள்விகளை அதே வீடுகளில் மறுபடியும் கேட்டு, மாறியது எது, மாறாதது எது என்று பெயர்களை நீக்கி ஒரே பக்கத்தில் எழுதி, உங்கள் உள்ளாட்சி உறுப்பினரிடம் குழுவாகச் சென்று கொடுங்கள். உங்களால் தீர்க்க முடியாமல் போனவற்றுக்கு நேரே, எந்தத் துறை, எந்தத் திட்டம், எந்தத் தேதிக்குள் என்ற கேள்வியையும் எழுதி, கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.